பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி முகப்பு: மூன்றாவது தூணைச் சரிசெய்த பதிவு

மூன்றாவது தூணை விரல் மடக்கித் தட்டினால் பானையைத் தட்டுவது போல் சத்தம் வந்தது. மற்ற மூன்றிலும் அப்படி இல்லை. பெரியப்பா தூணில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "தோல் தனியா, சதை தனியா நிக்குதும்மா" என்றார். வேலை அங்கிருந்துதான் தொடங்கியது.

இடம், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து உள்ளே போகும் சடக்கில் (சாலையில்) ஒரு பழைய தோட்டத்து ஆஸ்பத்திரி. பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்து, தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் லயன் வீடுகளை எல்லாம் இடித்த பிறகு மிஞ்சியது இந்த ஒரு கட்டடம். இப்போது கோயில் கமிட்டி இதில் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறது. கட்டடம் சின்னதுதான். ஆனால் முன்னால் நான்கு உருண்டைத் தூண்கள், அவற்றின் மேல் மர உத்திரம், அதற்கும் மேல் முக்கோண நெற்றி. போர்ட்டிகோ என்று சொல்லத்தக்க முழுமையான முகப்பு. தூண் ஆடுகிறது என்றதும் கமிட்டியில் பாதிப் பேர், முகப்பை இடித்துவிட்டு இரும்புக் குழாய் நட்டுத் தகரம் போட்டுவிடலாம் என்றார்கள். நான் இரண்டு மாதச் சனி ஞாயிறுகளைக் கேட்டு வாங்கினேன். கடைசியில் நான்கு மாதம் ஆனது.

ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைவது என் தொழில். பெரியப்பா தோட்டத்துக் கட்டட வேலையில் முப்பது வருஷம் கொத்தனாராக இருந்தவர். என்னிடம் அளவு, அவரிடம் கை.

முதல் சனிக்கிழமை முழுக்க அளவெடுப்பதிலேயே போனது. அது வீண் இல்லை. இந்த மாதிரித் தூணில் பாதி வரலாறு அளவிலேயே இருக்கிறது. டேப்பை அடியில் சுற்றினால் 56½ அங்குலம். 3.14 ஆல் வகுத்தால் குறுக்களவு 18 அங்குலம். மேலே கழுத்தில் சுற்றளவு 47, அதாவது குறுக்களவு 15. உயரம் அடிக்கட்டு, தலை எல்லாம் சேர்த்து 10 அடி 6 அங்குலம். 126 அங்குலத்தை 18 ஆல் வகுத்தால் சரியாக 7. தாளில் அந்த ஏழைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது.

இத்தாலியக் கட்டடக் கலைஞர் விஞோலா 1562-ல் தூண்களுக்கு ஒரு கணக்கு வகுத்தார். அடிக் குறுக்களவைப் போல் 7 மடங்கு உயரம் இருந்தால் டஸ்கன், 8 என்றால் டோரிக், 9 அயோனிக், 10 கொரிந்தியன் அல்லது காம்போசிட். மனப்பாடம் செய்ய இதைவிட எளிதான வாய்பாடு கிடையாது. தலையைப் பார்த்தும் சொல்லலாம். இரண்டு பக்கமும் சுருள் இருந்தால் அயோனிக், இலைக் கொத்து இருந்தால் கொரிந்தியன், வெறும் உருண்டை வளையமும் சதுரப் பலகையும் என்றால் டோரிக் அல்லது டஸ்கன். தண்டில் வரிப்பள்ளம் இல்லாமல் மொழுமொழு என்று இருப்பது டஸ்கன். நம்முடையது அதுதான். ஐந்து வகைகளில் ஆடம்பரம் மிகக் குறைந்தது.

மேலே 15 ஆகக் குறைவதும் தற்செயல் இல்லை. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், 15 அடிக்கு உட்பட்ட தூண் என்றால் அடிக் குறுக்களவை ஆறு பங்காக்கி, அதில் ஐந்தை மேலே வை என்கிறார். 18-ல் ஆறில் ஐந்து 15. உயரமான தூணுக்குக் குறைக்க வேண்டியது குறைவு. உயரத்தில் கண்ணே அதைச் சிறுத்துக் காட்டிவிடும் என்பது அவர் சொல்லும் காரணம்.

தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஆறடி. அதாவது குறுக்களவைப் போல் நான்கு மடங்கு. இவ்வளவு அகல இடைவெளிக்குக் கல் உத்திரம் ஆகாது, மர உத்திரம்தான் போட வேண்டும் என்பதும் விட்ருவியஸ் சொன்னதுதான். கல்லை அழுத்தினால் தாங்கும், வளைத்தால் பிளக்கும். கிரேக்கக் கோயில்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம். ஏதென்ஸின் பார்த்தெனான் முன்வரிசையில் எட்டுத் தூண்கள். ரோமின் பாந்தியன் முகப்பிலும் முன்னால் எட்டு, பின்னால் எட்டு என்று மொத்தம் 16. ஒவ்வொன்றும் எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒற்றைக் கருங்கல், ஏறக்குறைய 12 மீட்டர் உயரம். நம் ஆஸ்பத்திரித் தூணோ செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது. கணக்கு மட்டும் அதே கணக்கு.

இந்தக் கணக்கு பேராக்கின் ஒரு தோட்டத்துக்குள் எப்படி வந்தது என்பதைப் பெரியப்பாவுக்குத் தேநீர் இடைவேளைகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் தூண் வரிசை, மேலே முக்கோணம் என்பது முதலில் கோயிலுக்கு உரிய முகம். அதை எடுத்துக் குடியிருக்கும் வீட்டுக்கு மாட்டியவர்களில் பெரிய பெயர் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ. வீசென்சா ஊருக்கு வெளியே 1560-களில் அவர் தொடங்கிய வில்லா ரொட்டோண்டாவுக்கு நான்கு பக்கமும் நான்கு முகப்பு, ஒவ்வொன்றிலும் ஆறு தூண். கோயில்களே பழங்கால வீடுகளிடமிருந்துதான் இந்த முகத்தை வாங்கியிருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவரைப் படித்த ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ் 1630-களில் லண்டன் கோவன்ட் கார்டனில் ஒரு தேவாலயத்துக்கு டஸ்கன் முகப்பு எழுப்பினார். அதன் நடுவே இருக்கும் கதவு பொய்க் கதவு. உள்ளே அந்தப் பக்கம் பலிபீடம் இருப்பதால் வாசல் எதிர்ப்பக்கம் இருக்கிறது. அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனியோடு இந்தப் பாணி கடல் தாண்டியது. சென்னையில் இன்று ராஜாஜி மண்டபம் என்று அழைக்கப்படும் கட்டடம் 1802, எழும்பூர் புனித ஆண்ட்ரூ தேவாலயம் 1821, பினாங்கில் புனித ஜார்ஜ் தேவாலயம் 1818. பினாங்கில் வேலை செய்த கைகள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் கைகள்.

"வரைஞ்சவன் வெள்ளைக்காரன், பூசினவன் நம்மாளு" என்றார் பெரியப்பா. அது எவ்வளவு தூரம் உண்மை என்று மூன்றாவது வாரத்தில்தான் எங்கள் இருவருக்குமே தெரிந்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். தூணில் கை வைக்கும் முன் மேலே இருக்கும் பாரத்தை இறக்க வேண்டும். மூன்றாவது தூணுக்கு இரண்டு பக்கமும் திருகி உயர்த்தும் இரும்பு முட்டு இரண்டிரண்டு வாடகைக்கு எடுத்தோம். முட்டின் அடியில் தடிப் பலகை போடுவது கட்டாயம். போடாவிட்டால் பழைய தரை உடைந்து முட்டு இறங்கிவிடும். உத்திரத்தை உயர்த்தப் பார்க்கக் கூடாது. முட்டு இறுகி, தட்டினால் கணீர் என்றதும் நிறுத்திவிட வேண்டும். ஒரு நூலைக் கட்டி உத்திரத்தின் மட்டத்தைக் குறித்துவைத்தோம். நான்கு மாதமும் அந்த நூல்தான் எங்கள் சாட்சி.

பிறகு உளி. யாரோ பல வருஷங்களுக்கு முன் தூணின் கீழ்ப்பகுதிக்குச் சிமெண்டு பூசி, அடிக்கட்டைச் சுற்றிக் குளியலறை டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்தது. தூணைக் கெடுத்ததும் அதுதான். செங்கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடும். மண்ணிலிருந்து ஏறும் ஈரம் பூச்சு வழியாக வெளியேறிக் காய்ந்துபோகும். சிமெண்டும் டைல்ஸும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரம் உள்ளேயே மேலே மேலே ஏறுகிறது. அதோடு வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி வீங்கி, செங்கல்லின் முகத்தைப் பெயர்க்கிறது. டைல்ஸைக் கழற்றியதும் முதலில் கொட்டியது சிவப்புத் தூள். பிடியளவு அள்ளிப் பார்த்தேன். மாவு போல இருந்தது, வெள்ளை உப்பு மினுமினுத்தது. தரையிலிருந்து இரண்டடி வரை செங்கல் அப்படியே கரைந்திருந்தது. அதற்கு மேல் எல்லாம் திடம்.

அந்த இரண்டடியையும் ஒரே மூச்சில் எடுக்கவில்லை. முட்டு இருந்தாலும் மேலே எட்டடித் தூண் நிற்கிறது. வட்டத்தை மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கை எடுத்து, புதுச் செங்கல் வைத்து, சாந்து இறுகும் வரை ஒரு வாரம் விட்டு, அடுத்த பங்கு. செங்கல் இடிந்த லயன்களிலிருந்து பொறுக்கியது. கடைச் செங்கல் அளவிலும் கடினத்திலும் ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றையும் வளைவுக்கு ஏற்றபடி பெரியப்பா கொத்திக் கொடுத்தார். ஒரு செங்கல்லுக்குக் கால் மணி நேரம். நான் முயன்றதில் இரண்டுக்கு ஒன்று உடைந்தது. அவருக்கு ஐந்துக்கு ஒன்று.

சாந்துக்குச் சுண்ணாம்பு. ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல் மலைகளாக நிற்கும் மாநிலத்தில் இருந்துகொண்டு வேறு எதைத் தேட? ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் நீற்றின சுண்ணாம்பு மூட்டையை வாங்கி, தகர டிரம்மில் தண்ணீர் மூழ்கும்படி ஐந்து வாரம் ஊறவிட்டோம். தயிர் போல இறுகும். அதில் ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. அடித்தளத்துக்கு மட்டும் சலித்த செங்கல் தூள் சேர்த்தோம். சுட்ட களிமண் தூள் சுண்ணாம்போடு சேர்ந்தால் ஈரத்திலும் இறுகும். ரோமானியர்களும் செய்தார்கள், நம் ஊரில் சுர்க்கி என்று செய்தார்கள். பெரியப்பா கடுக்காய் ஊறிய தண்ணீரும் கருப்பட்டியும் வேண்டும் என்றார். கடுக்காய் நாட்டுமருந்துக் கடையில் கிடைத்தது. கருப்பட்டிக்குப் பதில் குலா மலாக்கா என்ற தென்னஞ்சர்க்கரை, அதுவும் ஒரு டிரம்முக்குக் கைப்பிடி அளவுதான். கூடினால் சாந்து இறுகவே இறுகாது.

இதைச் சொல்லும்போது சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ பேராலயத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1856 முதல் 1861 வரை கட்டியது, அங்கும் இந்தியக் கைதிகள் வேலை செய்தார்கள். உள்சுவர்களுக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணம். சிப்பிச் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை மூன்றையும் தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்துப் பூசி, காய்ந்த பின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. பளிங்கு போல வரும். செய்முறையின் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது.

மூன்றாவது வாரம் நடந்தது இது. உத்திரத்துக்கும் தூண் தலைக்கும் நடுவே பிளைவுட் பெட்டி அடித்து மூடியிருந்தார்கள். கரையான் இருக்கிறதா பார்க்கலாம் என்று ஆணியைப் பிடுங்கினேன். பலகை கையோடு வந்தது. உள்ளே வெறும் உத்திரக் கட்டை இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். இருந்தது ஒரு போதிகை. சதுரப் பலகையின் மேல் குறுக்காக உட்கார்ந்து, இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலம் கை நீட்டி, உத்திரத்தை ஏந்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கையின் நுனியிலும் தலைகீழாகத் தொங்கும் ஒரு மொட்டு. பச்சை, மஞ்சள், வெள்ளை, மறுபடி பச்சை என்று பெயிண்டு அடுக்கு. அதைச் சுரண்டினால் கீழே கரும்பழுப்பு மரம், உளி பட்ட சிறுசிறு வெட்டு அப்படியே.

ஏணியில் நின்றபடி "பெரியப்பா" என்று கத்தினேன். அவர் மேலே ஏறி வந்து பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு மொட்டின் நுனியைக் கட்டை விரலால் துடைத்தார். "வாழைப்பூ" என்றார்.

நம் கோயில்களில் தூணின் காலத்தைச் சொல்லும் உறுப்புகளில் போதிகை முக்கியமானது. பல்லவர் காலத்தில் வளைந்த முகமும் அதில் அலை போன்ற வரிகளும் இருக்கும். சோழர் காலத்தில் முகம் கோணமாக வெட்டுப்பட்டு நடுவே ஒரு நாக்கு நீளும். விஜயநகர, நாயக்கர் காலத்துக்கு வரும்போது அந்த நாக்கு மலர்ந்து தொங்கும் மொட்டாகிவிடுகிறது. செட்டிநாட்டு வீடுகளில் மரத் தூண்களின் மேலும் அதைப் பார்க்கலாம். விஞோலாவின் கணக்கில் இதற்கு இடமே இல்லை. டஸ்கன் தூணின் பலகை மேல் நேராக உத்திரம் உட்கார வேண்டும். துரை கொடுத்த படத்தில் இது இருந்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன். ஆறடி இடைவெளிக்கு இந்த மரம் போதாது என்று பார்த்த யாரோ ஒரு தச்சர், தன் ஊர் வழக்கப்படி போதிகை வைத்துத் தீர்த்திருக்கிறார். இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலம் நீட்டியதும் ஆறடி நாலரை அடியாகிவிடுகிறது. உத்திரம் இன்றுவரை தொய்யாமல் நிற்பதற்குக் காரணம் அவர். இரண்டு முழ மரத்தில் இரண்டு கண்டத்து அறிவும் சேர்ந்து நிற்பதை என் தொழிலில் நான் இதுவரை பார்த்ததில்லை.

மற்ற மூன்று பெட்டிகளையும் அன்றே திறந்தோம். நான்கிலும் போதிகை இருந்தது. இரண்டாவதில் ஒரு மொட்டு மட்டும் இல்லை. இடிக்கலாம் என்ற கமிட்டி உறுப்பினரே மறுநாள் தன் மாமியாரை அழைத்துவந்து காட்டினார். அதற்குப் பிறகு தகரப் பேச்சு எழவில்லை.

பூச்சுக்கு வருவோம். உருண்டைத் தூணுக்குக் கண்ணளவில் பூச முடியாது. தண்டு கீழே மூன்றில் ஒரு பங்கு நேராக ஏறி, பிறகு மெல்ல வளைந்து சிறுக்கிறது. நேர்கோட்டில் சிறுத்தால் நடுவில் ஒட்டிய மாதிரி தெரியும் என்பதால் அந்த லேசான புடைப்பு. முழு அளவில் பிளைவுட்டில் வரைந்தேன். மூன்று ஆணி அடித்து, மெல்லிய மெராந்தி மரச் சட்டத்தை அவற்றின் மேல் வளைத்துப் பென்சில் கோடு இழுத்தால் வளைவு தானாக வருகிறது. கம்ப்யூட்டரில் வரைந்ததைவிட இது நன்றாக இருந்தது. அந்தக் கோட்டில் அறுத்ததுதான் எங்கள் மட்டப்பலகை. தூணின் அடியிலும் கழுத்திலும் மர வளையம் மாட்டி, பலகையை அந்த வளையங்களில் சாய்த்துச் சுற்றிக் கொண்டுவந்தால், மிகுந்த சாந்தை அது வழித்துக்கொண்டே போகும். பள்ளம் தெரிந்த இடத்தில் மறுபடி அப்பி, மறுபடி சுற்ற வேண்டும். தூக்குக்குண்டு போட்டு வளையம் இரண்டும் ஒரே மையத்தில் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தோம்.

முதல் பூச்சு அரை அங்குலத்துக்குக் குறைவு, கீறிவிட்டது. பத்து நாள் கழித்து இரண்டாவது. கடைசிப் பூச்சு மெல்லிசு, மணியாசுக்கட்டையால் தேய்த்தது. அந்தக் கடைசிப் பூச்சை ஒரு முறை இழந்தோம். ஞாயிறு மாலை பூசி ஈரச் சாக்கு சுற்றிவிட்டுப் போனேன். திங்கள், செவ்வாய் யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை, மேற்கு வெயில் நேராக அடித்தது. புதனன்று வந்தால் முழுக்க நூல் நூலாக வெடிப்பு. சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடி கல்லாக மாறுகிறது. அதற்கு ஈரம் வேண்டும். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசினோம். இரண்டாவது தடவை மாலை வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு பகல் இரண்டு தரம், மாலை ஒரு தரம் சாக்கை நனைத்தார்கள். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தாள். ஒரு வெடிப்பும் இல்லை.

நனைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் பெரியப்பா தன் கதையைச் சொன்னார். சின்ன வயதில் காய்ச்சலோடு அம்மா இடுப்பில் இருந்து இந்தத் தூணில்தான் கன்னத்தை வைத்தாராம், குளுகுளு என்று இருந்ததாம். மருந்து கொடுக்கும் டிரசர் ஐயா பெயர் கூப்பிடும் வரை எல்லோரும் இங்கேதான் நிற்பார்கள். உள்ளே போக உத்தரவு இல்லாதவர்களும் மழையில் நனையாமல் நிற்க ஓர் இடம். முகப்பின் வேலை எங்கும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இத்தாலியின் போலோஞ்ஞா நகரில் வீடு கட்டினால் முன்னால் தூண் வைத்த கூரைவழி விட வேண்டும் என்று 1288-லேயே சட்டம் போட்டார்கள். குதிரை மேல் இருப்பவரும் தலை இடிக்காமல் போகும் உயரம். இன்று அந்த ஊரில் அப்படிப்பட்ட வழிகள் 62 கிலோமீட்டர், 2021-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 1822-ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் சிங்கப்பூர்த் தெருக்களுக்குத் தொடர்ச்சியான மூடிய நடைபாதை வேண்டும் என்று எழுதியதிலிருந்து, கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட நம் அஞ்சடி நடைபாதை வந்தது. மலாய் வீட்டில் படியேறியதும் அஞ்சோங் என்ற முகப்பு, நம் வீட்டில் திண்ணை.

மொட்டு இல்லாத இரண்டாவது போதிகைக்குப் புது மொட்டு செதுக்கி ஒட்டவில்லை. சுத்தம் செய்து எண்ணெய் மட்டும் தடவினோம். மேலே முக்கோண நெற்றியில் சுண்ணாம்பில் வருஷம் எழுதியிருந்த இடமும் அப்படித்தான். முதல் இரண்டு எண், 19, தெளிவாக இருக்கிறது. மீதி இரண்டும் எப்போதோ உதிர்ந்துவிட்டன. 26 என்றார் ஒருவர், 31 என்றார் இன்னொருவர், பெரியப்பாவுக்கு நினைவில்லை. கமிட்டி ஏதாவது ஒன்றை எழுதிவிடச் சொன்னது. பெரியப்பா கரணையை எடுத்து அந்த இடத்தை வழவழப்பாகப் பூசி, எண் எதுவும் இல்லாமல் விட்டுவிட்டு இறங்கினார்.

முட்டுகளைக் கழற்றிய அன்று நூலைப் பார்த்தோம். உத்திரம் ஒரு நூல்கூட அசையவில்லை. மூன்றாவது தூணைத் தட்டினால் இப்போது மற்றவை போலத்தான் சத்தம் வருகிறது. முதல் தூணின் அடியிலும் அதே டைல்ஸ் இருக்கிறது. அடுத்த சனிக்கிழமை அதைக் கழற்றுகிறோம், டிரம்மில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருக்கிறது.